கஞ்சியில் போட்ட உப்பு

இரண்டாயிரம் பிறந்து ஆறேழு வருடம் ஆகியிருக்கும். ஐப்பசி அடைமழை. ராயபுரத்தில் ஒரு கல்யாண மண்டபம். மணமேடைக்குக் கீழே, வழக்கமாகச் சந்தனக் கிண்ணமும் பன்னீர்ச் செம்பும் வைக்கிற இடத்தில், ஒரு எடை மிஷின் வைத்திருந்தார்கள். அதன்மேல் ஏறி நின்றவள் என் நாத்தனார். ஐம்பது கிலோவுக்கு மேல் ஒரு கிராம்கூட இருக்கக் கூடாது. மிஷின் காட்டியது ஐம்பது கிலோ அறுநூற்றைம்பது கிராம்.

அந்த அறுநூற்றைம்பது கிராம் எங்கிருந்து வந்தது என்று மண்டபத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும், அது நான்தான் என்றே அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். திருவொற்றியூர் பக்கம் ஒரு மீனவர் குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். காலையில் காசிமேட்டில் மீன் எடுத்து, எங்கள் மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்பேன். மிஞ்சியதைக் கருவாடு போடுவேன். பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி. மீன் சுற்றிக் கொடுக்கும் பழைய பேப்பரை எழுத்துக் கூட்டிப் படித்துப் படித்தே வாசிக்கப் பழகினேன். வாடிக்கைக்காரர்கள் சில சமயம், “மீன குடும்மா, அப்பால படிச்சிக்கலாம்” என்று கத்துவார்கள். யாராவது வாயிலிருந்து நல்லதாக ஒரு பேச்சு விழுந்தால் அதைக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் குறித்து வைப்பது என் பழக்கம். படித்தவர்கள் புத்தகத்தில் தேடுவதை நான் மீன் மார்க்கெட்டில் பொறுக்கினேன், அவ்வளவுதான்.

நான் மருமகளாக வந்தபோது என் நாத்தனாருக்குப் பதினாலு வயது. மாமனார் மாமியார் இல்லாத வீடு. என் கணவர் விசைப்படகில் போனால் திரும்ப ஒரு வாரம் ஆகும். ஒரே அறையில் நானும் அவளும்தான். வந்த மூன்றாம் நாளே, குழாயடியில் என் குடத்தைத் தள்ளிவிட்ட ஒருத்தியை அவள் ஒரே குத்தில் சேற்றில் உட்கார வைத்துவிட்டாள். நான் பயந்துபோய்ப் பார்த்தேன். அவளோ, “அண்ணி, நீ தண்ணி புடி” என்றாள். அன்றைக்கே எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

எங்கள் வட்டாரத்தில் குத்துச்சண்டை புதிது இல்லை. தெருவுக்கு ஒரு உடைந்த மூக்கு இருக்கும். ஆனால் அது ஆம்பிளைகள் சமாச்சாரம். தொண்ணூறுகளின் கடைசியில் அவள் போய், எங்கள் பக்கத்துப் பையன்களுக்குக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுத்த மாஸ்டர் முன்னால் நின்று, “எனக்கும் கத்துக்குடு மாஸ்டர்” என்றபோது, கற்றுக்கொண்டிருந்த பையன்கள் எல்லாம் சிரித்தார்களாம். மாஸ்டர் சிரிக்கவில்லை. மணல் மூட்டையைக் காட்டி அடிக்கச் சொன்னார். அவள் அடித்தாள். பையன்களின் சிரிப்பு அடங்கியது.

குப்பத்து வாயை யார் அடக்குவது? “மூக்கு ஒடஞ்சா எவன்டி கட்டிப்பான்?” என்று ஒரு அக்கா கேட்டாள். என் நாத்தனார் கையுறைக் கயிறு கட்டிக்கொண்டே, “மூக்கு நேரா கீறவளுக்கு மட்டும் இங்க க்யூல நிக்கிறானுங்களா?” என்று திருப்பிக் கேட்டாள். அந்தப் பேச்சும் என் காலண்டர் தாளில் ஏறியிருக்கிறது.

அதற்குப் பிறகு ஏழெட்டு வருடம் அமெச்சூர் போட்டிகள். ஜில்லா, மாநிலம், ரயிலேறி வெளி மாநிலம். பதக்கம் வந்தது, சான்றிதழ் வந்தது, கூடவே சுவர்க் கடிகாரம் வந்தது. போட்டி நடத்தியவர்களெல்லாம் பேசி வைத்ததுபோல் கடிகாரமே கொடுத்தார்கள். ஒரே அறையில் ஏழு கடிகாரம். ஒன்றாவது இன்னொன்றோடு ஒத்துப்போகாது. என் கணவர் கரையில் இருக்கும்போது, “ஒரு வூட்ல ஏழு டைமு கீது, சோறு மட்டும் ஒரு டைமுக்கு வரமாட்டேங்குது” என்பார்.

கடிகாரம் வந்ததே தவிர வேலை வரவில்லை. விளையாட்டு கோட்டாவில் கிடைக்கும் என்று எழுதி எழுதிப் போட்டோம். கிடைக்கவில்லை. அவளுக்கு வயது இருபத்தைந்தை நெருங்கியது. அப்போதுதான் ராயபுரத்தில் காசு கட்டி டிக்கெட் வாங்கிப் பார்க்கும் புரொபஷனல் சண்டை ஒன்றை நடத்தப்போவதாகவும், அதில் பெண்கள் சண்டையும் ஒன்று உண்டு என்றும் மாஸ்டர் வந்து சொன்னார்.

புரொபஷனல் என்றால் என்ன என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. தலைக்கவசம் கிடையாது. கையுறை சின்னது. சண்டைக்குச் சம்பளம் உண்டு. முக்கியமான விஷயம் வேறு. கையெழுத்துப் போட்டுவிட்டால் மறுபடி அமெச்சூர் பக்கம் திரும்ப முடியாது. அந்தக் கதவு சாத்தியது சாத்தியதுதான். இந்தப் பக்கம் முதல் சண்டையிலேயே பேர் கெட்டால் இரண்டாவது சண்டைக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள்.

“யோசிச்சி போடு” என்றார் மாஸ்டர்.

“கடல்ல எறங்கினப்பறம் கரைய பாத்துகினு நின்னா மீனு வருமா மாஸ்டர்?” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

இனி என் புத்திசாலித்தனத்துக்கு வருகிறேன்.

சண்டை ஞாயிற்றுக்கிழமை. எடை பார்ப்பது முந்தின நாள் சனிக்கிழமை பகல். ஒப்பந்தத்தில் ஐம்பது கிலோ. அந்த வாரம் செவ்வாய்க்கிழமையிலிருந்து அவளுக்கு உப்பே கொடுக்கக் கூடாது என்று மாஸ்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். காலையும் இரவும் கஞ்சி, மத்தியானம் அவித்த மீன் ஒரு துண்டு, கொஞ்சம் மோர். தண்ணீர்கூட அளந்துதான். நாள்தோறும் விடியற்காலையில் நான் மீன் எடுக்கப் போகும்போது அவளும் ஓடிக்கொண்டே கூட வருவாள். அங்கே கூடை நிறுக்கும் தராசில் ஏறி நிற்பாள். ஏலம் கூறுகிறவர்கள் சும்மா இருப்பார்களா?

“இன்னா ரேட்டும்மா கிலோ?” என்று ஒருவர் கேட்பார்.

“முள்ளு ஜாஸ்தி நைனா, தொண்டைல மாட்டும்” என்று இறங்கி ஓடுவாள்.

வெள்ளிக்கிழமை காலையில் தராசு ஐம்பது கிலோ முந்நூறு காட்டியது. “இப்டியே வுட்டா நாளைக்கு மத்தியானத்துக்குள்ள தானா எறங்கிடும். பயமில்ல” என்று மாஸ்டர் சொன்னார். எனக்குத்தான் பயம். முந்நூறு கிராம் என்பது ஒரு நல்ல சங்கரா மீன். அது எப்படி ஒரே நாளில் தானாக இறங்கும்?

மழைக்குப் படகு கடலுக்குப் போகாததால் என் கணவரும் அந்த வாரம் வீட்டில் இருந்தார். வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், நான் உப்பில்லாமல் கஞ்சி காய்ச்சுவதைப் பார்த்துவிட்டு, “செத்தவனுக்குத்தான்மே உப்பில்லாம படைப்பாங்க. சண்டைக்குப் போற பொண்ணுக்கு இது இன்னா சகுனம்?” என்று சொல்லிவிட்டு மறுபடி வலையில் குனிந்துகொண்டார். அவர் ஏதோ வாய்போக்கில் சொன்னது. எனக்கு அது நெஞ்சில் குத்திக்கொண்டு நின்றது. எங்கள் வீட்டில் கடலுக்குப் புறப்படுகிறவன் ஒரு வாயாவது உப்புச் சோறு சாப்பிட்டுவிட்டுத்தான் படியிறங்குவான். இவளை மட்டும் வெறும் நாக்கோடு அனுப்புவதா?

அது மட்டும் என்றால்கூட விட்டிருப்பேன். என் தொழில் புத்தியும் சேர்ந்துகொண்டது. பத்து வருடமாகக் கருவாடு போடுகிறேன். மீனைக் கீறி உப்பைத் தடவிவிட்டால் என்ன ஆகும்? தண்ணீரெல்லாம் வெளியே வந்துவிடும். ஒரு கூடை மீன் காய்ந்தால் அரைக் கூடை கனம்கூட இருக்காது. உப்புதான் எடையைக் குறைக்கும் என்பது எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அந்த மாஸ்டருக்குக் குத்துத் தெரியுமே தவிர உப்பைப் பற்றி என்ன தெரியும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் மீன் துண்டைத் தொடவில்லை. இன்றைக்குக் கஞ்சியே கொடு என்று அவளே கேட்டாள். மோர் ஊற்றும்போது ஒரு சிட்டிகை உப்புப் போட்டேன். குடித்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“இன்னா அண்ணி, கஞ்சி ருசியா கீது இன்னிக்கி?”

“மோரு புளிச்சிப் போச்சிம்மா. மழ நாளு.”

“ஓ” என்று மீதியையும் குடித்தாள். சட்டியை வழித்துக் குடித்தாள். ராத்திரிக் கஞ்சிக்கு இரண்டு சிட்டிகையாயிற்று. சனிக்கிழமை காலை அள்ளிய கையை அளவு பார்க்கவே இல்லை. இடையில் அவளுக்குத் தாகம் எடுத்துக்கொண்டே இருந்தது. நாக்கை நனைக்க என்று இரண்டு டம்ளர் தண்ணீர் அதிகமாகவே உள்ளே போயிருக்கும். சனிக்கிழமை மழை கொட்டியதால் மீன் எடுக்கப் போகவில்லை. அதனால் கூடைத் தராசிலும் ஏறிப் பார்க்கவில்லை. நேராக மண்டபத்து மிஷின்தான்.

ஐம்பது கிலோ அறுநூற்றைம்பது.

மாஸ்டர் முகம் வெளுத்துப்போயிற்று. “நேத்து முந்நூறு கொறைக்கணும்னு இருந்தது, இப்ப ரெட்டிப்பா ஆயி கீது! உப்பு கிப்பு சாப்ட்டியா?” என்று அவளைக் கேட்டார். அவள் இல்லையென்று தலையாட்டினாள். “உப்பு பட்டா ஒடம்பு தண்ணிய உள்ள புடிச்சி வெச்சிக்கும். இது அந்த மாதிரிதான் கீது” என்று அவர் முணுமுணுத்தார்.

பிடித்து வைத்துக்கொள்ளுமா? வெளியே தள்ளாதா? செத்த மீனின் மேல் தடவுகிற உப்பும், உயிரோடு இருக்கிற பெண்ணின் வயிற்றுக்குள் போகிற உப்பும் ஒன்றில்லை என்று அந்த நிமிஷம்தான் புத்தியில் உறைத்தது. வாயைத் திறந்து சொல்லவும் தைரியம் வரவில்லை.

எதிர்த்துச் சண்டை போட இருந்தவள் வடக்கே ஏதோ ஒரு மாநிலத்துப் பெண். அவளுக்கு எடை பார்த்தாயிற்று, நாற்பத்தொன்பதரை. அவளோடு வந்த மேனேஜர், எடை சரியாக இல்லாவிட்டால் சண்டை கிடையாது என்று கையை விரித்துவிட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை, விதி அப்படி. நடத்துகிறவர் கடிகாரத்தைப் பார்த்து, “ரெண்டு மணி நேரம் டைம். அதுக்குள்ள எறக்கிக் காட்டுங்க. இல்லன்னா கேன்சல்” என்றார்.

மண்டபத்திலேயே மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு கயிறு தாண்டினாள். அரை மணி நேரம் தாண்டினாள். ஐப்பசி ஈரக்காற்று சிலுசிலுவென்று அடிக்க, உடம்பு வியர்க்கவே இல்லை. மறுபடி ஏறினால் நூறு கிராம்தான் குறைந்திருந்தது. வெளியே ஓடலாம் என்றால் தெருவில் முழங்கால் தண்ணீர். நான், “மயிர வெட்டிடலாமா மாஸ்டர்?” என்றுகூடக் கேட்டேன். “மொட்ட அடிச்சாக்கூட அம்பது கிராம் வராதும்மா” என்றார் அவர். என் நாத்தனார் அந்த நிலைமையிலும், “அண்ணிய புடிங்க மாஸ்டர், கத்திரிக்கோலு தேடிகினு போயிடப் போறாங்க” என்றாள்.

நான் அழுதுகொண்டு வாசலுக்கு வந்தேன். மழைக்காற்றில் ஒரு வாசனை வந்தது. சுடச்சுடப் பன் வேகிற வாசனை.

எதிர்ச் சந்தில் ஒரு பேக்கரி. விறகு அடுப்புப் பேக்கரி. தண்ணீரில் சேலையை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். முழங்கை வரை மாவோடு ஒரு பாய் நின்றிருந்தார்.

“பாய், ஒரு ஒத்தாச. எங்க வூட்டுப் பொண்ணு கொஞ்ச நேரம் உங்க அடுப்பாண்ட நிக்கணும்.”

“நின்னு?”

“வேர்க்கணும்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “யம்மா, இது ரொட்டி வேகற எடம். பொண்ணு வேகற எடம் இல்ல.”

நான் மூச்சுவிடாமல் எல்லாம் சொன்னேன். சண்டை, ஐம்பது கிலோ, ஒன்றரை மணி நேரம், திரும்பிப் போக முடியாத கதவு. உப்பு விஷயத்தை மட்டும் விட்டுவிட்டேன். அதற்குள் மாஸ்டரும் அவளும் என்னைத் தேடிக்கொண்டு சந்துக்குள் வந்துவிட்டார்கள். பாய் அவளைப் பார்த்தார். கன்னம் ஒட்டி, மழைக்கோட்டுக்குள் குச்சி மாதிரி நின்றாள்.

“இந்த ஒடம்புல எங்க கீது அரைக் கிலோ?” என்றார். பிறகு உள்ளே திரும்பி, அடுப்படியில் வேலை செய்த இரண்டு பேரை முன்கடைக்குப் போகச் சொன்னார். “பொம்பளப் புள்ள வருது, யாரும் உள்ள வரக்கூடாது. நான் தட்டு போட எடுக்க மட்டும் வருவேன், தல குனிஞ்சிகினு வருவேன்.”

மாஸ்டர் வாசலிலேயே ஒரு மைதா மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு, மயக்கம் வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும் என்று என்னிடம் சொன்னார்.

பாய்க்குக் கடிகாரமே தேவையில்லை. “ஒரு தட்டு பன்னு வேக கால் மணி நேரம். ஒன்ற மணி நேரம்னா ஆறு தட்டு. அஞ்சி தட்டுல முடிச்சிடு தாயீ. ஆறாவது தட்டு நீ நடந்து போறதுக்கு” என்றார்.

அடுப்பறைக்குள் போனதும் அனல் முகத்தில் அறைந்தது. அவள் மழைக்கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, அடுப்பு வாயைப் பார்த்து நின்று, காற்றில் குத்த ஆரம்பித்தாள். இடது, இடது, வலது. முதல் தட்டு வெந்து வெளியே வரும்போது நெற்றி மினுமினுத்தது. இரண்டாவது தட்டுக்கு மோவாயிலிருந்து சொட்டியது. வியர்வை தோலில் தங்கினால் அடுத்தது வராது, வழித்துவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று மாஸ்டர் வாசலிலிருந்து கத்தினார். பாய் மாவு சுரண்டும் தகடு ஒன்றைக் கழுவித் துடைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். நான் அதை வைத்து அவள் கையையும் முதுகையும் மீன் செதில் வழிப்பதுபோல் வழித்தேன்.

மூன்றாவது தட்டில் என்னால் தாங்க முடியவில்லை. அவள் உதடு வெடித்திருந்தது.

“ஏய், நான் ஒண்ணு சொல்றேன், என்ன அடிச்சிடு. நான்தான்டி கஞ்சியில உப்பு போட்டேன். மூணு வேள. கருவாடு மாதிரி எட கொறையும்னு போட்டேன்.”

அவள் கை நிற்கவில்லை. இடது, இடது, வலது. பிறகு சிரித்தாள்.

“தெரியும் அண்ணி.”

“இன்னா தெரியும்?”

“மோரு புளிச்சா புளிக்கும். கரிக்குமா?”

“அப்பால ஏன்டி குடிச்ச?”

“நாலு நாளா நாக்கு செத்துப் போயி கெடந்துச்சி. ஒரு வாயின்னு நெனச்சேன். அப்டியே சட்டிய வழிச்சிட்டேன். மாஸ்டரு கேக்கும்போது பொய் வேற சொல்லிட்டேன்.” மூச்சு வாங்கியது. “பாதி உப்பு ஒன்னுது, பாதி உப்பு என்னுது. வழி, வழி, முதுகுல வழி!”

நான் அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. என் முகத்திலும் வியர்வைதான், கண்ணீர்தான், எல்லாம் ஒரே கரிப்பு. தலை குனிந்தபடி தட்டு எடுக்க வந்த பாய் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். பன் தட்டை நீளக் கட்டையால் இழுத்துக்கொண்டே, நிமிராமல் சொன்னார்: “முப்பது வருசமா மாவு பெசையறேன். உப்ப எப்பப் போடணும்னு ஒண்ணு கீதும்மா. ஈஸ்ட்டு மேலயே கொட்டிட்டா மாவு பொங்காது. உப்பு மேல தப்பில்ல. போட்ட நேரம் தப்பு.”

காலண்டர் தாள் கையில் இல்லையே என்று அந்தச் சூட்டிலும் தோன்றியது.

ஐந்தாவது தட்டு வந்தது. பாய் மைதா மூட்டை நிறுக்கும் தராசைத் துடைத்து அவளை ஏற்றினார். அதில் கிராம் கணக்கெல்லாம் தெரியாது. முள் ஐம்பதின்மேல் நின்று ஆடியது. “அல்லா மேல பாரத்தப் போட்டுட்டுப் போ” என்றார். ஆறாவது தட்டு நேரத்தில் அவளை நடுவில் நிறுத்தி, ஆளுக்கொரு பக்கம் குடை பிடித்து மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம்.

மிஷினில் ஏறினாள். ஐம்பது கிலோ எழுபது.

மாஸ்டர் தலையில் கை வைத்தார். எழுபது கிராம்! நடத்துகிறவர், “துணி கனம் இருக்குதில்ல. ஆம்பளைங்கல்லாம் வெளிய போங்க. மறைப்பு புடிச்சி ஏத்துங்க, பொண்ணுங்க எடை பாக்கலாம்” என்றார். எடை குறிக்க ஒரு பெண் அதிகாரி இருந்தார். யாரோ ஒரு பெட்ஷீட் கொடுத்தார்கள். நான் ஒரு முனையைப் பிடித்தேன். இன்னொரு முனைக்கு ஆள் இல்லை. அதிகாரி மிஷினைப் பார்க்க வேண்டும், வேறு பெண்கள் அங்கே யாரும் இல்லை.

அந்த வடக்கத்திப் பெண் மூலையில் உட்கார்ந்து வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இந்தச் சண்டை நின்றுபோனால் அவளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பழத்தை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். அவள் பாஷை எங்களுக்குப் புரியாது. பெட்ஷீட்டின் மறு முனையைப் பிடித்து, கழுத்து உயரத்துக்குத் தூக்கி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

துணி ஒவ்வொன்றாக என் தோளில் வந்து விழுந்தது. அதிகாரி குனிந்து பார்த்தார்.

“நாற்பத்தொன்பது கிலோ தொள்ளாயிரத்து அறுபது.”

நான் போட்ட கூச்சலில் வெளியே நின்ற மாஸ்டர் யாரோ விழுந்துவிட்டார்கள் என்று நினைத்தாராம். அந்த வடக்கத்திப் பெண்ணும் சிரித்துவிட்டாள். பெட்ஷீட்டை விட்டுவிடாமல் சிரித்தாள், அது பெரிய விஷயம்.

அன்றைக்குச் சாயங்காலம் பாய் கடையிலிருந்து ஒரு பெரிய பொட்டலம் வந்தது. மேலே சூடான பன், அடியில் உப்பு பிஸ்கட். என் நாத்தனார் தண்ணீரை வாய் வாயாகக் குடித்துவிட்டு, முதலில் உப்பு பிஸ்கட்டைத்தான் எடுத்தாள். இரண்டாவதை எடுத்து, மறுநாள் தன்னைக் குத்தப்போகிறவளிடம் நீட்டினாள். இரண்டு பேரும் மணமேடைப் படியில் உட்கார்ந்து பிஸ்கட் கடித்த காட்சியைப் பார்த்து மாஸ்டர், “நாளைக்கி இதுங்க ரெண்டும் சண்ட போடுமா இல்ல சம்பந்தி ஆவுமா?” என்றார்.

சண்டை போட்டார்கள், நன்றாகவே போட்டார்கள். இரண்டு நிமிஷம் ஒரு ரவுண்டு, நாலு ரவுண்டு. தலைக்கவசம் இல்லாமல் அவள் முகத்தை அந்த விளக்கு வெளிச்சத்தில் பார்த்ததும் முந்தானையை இழுத்து வாயில் கவ்விக்கொண்டேன். முதல் ரவுண்டில் வாங்கினாள். இடது கண்ணோரம் வீங்கியது. பாதிக் குப்பம் வந்திருந்தது. மூக்கைப் பற்றிக் கேட்ட அக்காதான் எல்லோருக்கும் முன்னால் நாற்காலிமேல் ஏறி நின்று, “மூக்க பாத்துக்கடீ!” என்று கத்தினாள். என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு, “இன்னாமே ஆச்சி, இன்னாமே ஆச்சி?” என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டாவது ரவுண்டு மணி அடித்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. “தாயீ! ரெண்டாவது தட்டு! அனல் கம்மியா கீது, வெறக போடு!”

திரும்பிப் பார்த்தால் பாய். கடையைப் பூட்டிவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, வேலைக்காரர்கள் இரண்டு பேரோடு. அவள் காதில் அது விழுந்திருக்கிறது. சிரித்ததை நான் பார்த்தேன். அதன் பிறகு இடது, இடது, வலது. அடுப்பு முன்னால் குத்திய அதே குத்து. மூன்றாவது தட்டு என்றார் பாய். நாலாவது தட்டு என்று மொத்த மண்டபமும் கத்தியது. என்ன தட்டு, எதற்குத் தட்டு என்று பாதிப் பேருக்குத் தெரியாது. தெரியாமலே கத்தினார்கள்.

நடுவர் இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டு நின்றார். முடிவைப் படித்தார்கள். தூக்கியது என் நாத்தனார் கையை.

“பன்னு வெந்துடுச்சி!” என்று பாய் போட்ட சத்தம் மணலி வரை கேட்டிருக்கும்.

தோற்ற பெண் வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். என் பக்கம் திரும்பி இரண்டு கையாலும் பெட்ஷீட் பிடிப்பதுபோல் காட்டிச் சிரித்தாள். நானும் அதேபோல் பிடித்துக் காட்டினேன். எங்களுக்குள் இருந்த ஒரே பாஷை அதுதான்.

அந்த ஒரு சண்டையால் அடுத்த சண்டை வந்தது. வெளியூர் போனாள், கடல் தாண்டியும் போனாள். தோற்றும் வந்தாள், ஜெயித்தும் வந்தாள். ஒரு தடவை மூக்கும் உடைந்தது. அதற்குப் பிறகுதான் கல்யாணம் நடந்தது என்பதை அந்த அக்காவுக்குத் தனியாக நேரில் போய்ச் சொல்லி அழைத்தோம். கல்யாணத்துக்குப் பாய் ஒரு மேஜை அகலத்துக்குக் கேக் கொண்டுவந்தார். மறக்காமல் ஒரு பொட்டலம் உப்பு பிஸ்கட்டும். (அடுப்பு முன்னால் வியர்த்து எடை குறைத்ததை யாரும் செய்து பார்க்க வேண்டாம். கூடவே மாஸ்டர் இருந்தார், அப்படியும் அது எங்கள் நல்ல நேரம்தான்.)

அதற்குப் பிறகு ஒவ்வொரு சண்டைக்கும் ஒரு வழக்கம் வந்துவிட்டது. எடை பார்க்கும் நாளன்று நான் என் முந்தானை முனையில் ஒரு சிட்டிகை கல்லுப்பை முடிந்துகொண்டு போவேன். அவள் மிஷினைவிட்டு இறங்கியதும் என் முன்னால் வந்து நாக்கை நீட்டுவாள். “போடட்டுமா?” என்று கேட்பேன். “போடு அண்ணி” என்பாள். அப்புறம்தான் முடிச்சை அவிழ்ப்பேன். இப்போது அவள் சண்டை போடுவதை விட்டுவிட்டு எண்ணூர்ப் பக்கம் சின்னப் பெண்களுக்குக் கற்றுக் கொடுக்கிறாள். போட்டி வந்தால் அந்தப் பிள்ளைகளும் எடை பார்த்த கையோடு வரிசையாக வந்து என் முன்னால் நாக்கை நீட்டுகிறார்கள். ஒவ்வொருத்தியிடமும் “போடட்டுமா?” என்று கேட்டுவிட்டுத்தான் போடுகிறேன். வீட்டில் குழம்புக்கு உப்புப் போடும்போதுகூடக் கை ஒரு நொடி நின்றுதான் போகிறது. அந்த ஒரு நொடியில் பாய் கடை அனலும், “தெரியும் அண்ணி” என்ற சிரிப்பும் வந்துவிட்டுப் போகின்றன. அன்பாக இருந்தாலும் அடுத்தவர் தட்டில் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும் என்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது, இன்றைக்கும் தினம் ஒரு சிட்டிகை புரிந்துகொண்டே இருக்கிறது.